முதல் வளைவில் யாருக்கும் காயமில்லை

முல்லங்காரா நாய்ப் பந்தயத் திடலுக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய பலகை கண்ணில் படும். 'முதல் வளைவில் நான்கு ஆண்டுகளாக ஒரு நாய்க்கும் காயமில்லை' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். 'நான்கு' என்பதை மட்டும் தனித் தகட்டில் எழுதி இரண்டு திருகாணி போட்டு மாட்டியிருப்பார்கள். வருடா வருடம் கழற்றி மாட்ட வசதியாக இருக்க வேண்டும் அல்லவா?

பலகைக்கு நேர் எதிரே என் சிற்றுண்டிக் கடை. இருபத்தாறு வருடமாக செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே இறைச்சி அடைத்த மீட் பை சூடாக்குகிறேன். அடுப்புக்கு மேலே ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் முதல் வளைவு உள்ளங்கை மாதிரி தெரியும். அந்த வளைவில் நாய்கள் விழுவதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தால் பை கருகிவிடும். ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் பலகை பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைத்தான் மெர்வ் டனிங்குக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை.

மெர்வ் எங்கள் ஊராட்சியில் முப்பத்தொரு வருடம் ரோடு சமன் செய்யும் கிரேடர் வண்டி ஓட்டியவர். மனைவி போன பிறகு துணைக்கு இருக்கட்டும் என்று ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கிரேஹவுண்ட் குட்டிகளை வாங்கினார். வின்னி, பெக்கி. பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போது வேறு பெயர் கொடுக்க வேண்டும் என்பதால் பெக்கிக்கு 'தயக்கமே இல்லை' என்று பெயர் கொடுத்தார். இரண்டும் அவருடைய சோபாவில்தான் தூங்கும். மெர்வ் தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்.

போன பிப்ரவரியில், எங்கள் ஊர் உச்சக் கோடையில், வெயில் நூற்றைந்தைத் தாண்டிய ஒரு மத்தியானம், வின்னி முதல் வளைவில் கால் மடங்கி விழுந்தாள். நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வலது பின்னங்கால் மூட்டு போயிற்று. இந்தப் பந்தய நாய்களின் கதையே அதுதான், விழுந்த இடத்திலேயே கிடக்காது. எழுந்து மூன்று காலில் ஓடினாள். திடலை முழுதாகச் சுற்றி, நாய்கள் துரத்தும் பொம்மை முயல் போய் நின்ற இடத்தில், நாய்களைப் பிடித்து நிறுத்தும் அடைப்புக்குள் போய்த்தான் படுத்தாள்.

டாக்டர் ப்ரான்வின் அடைப்புக்கு ஓடினார். பந்தய நேரத்தில் மிருக டாக்டர் ஓடுதளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது விதி. டாக்டருக்கு அடிபட்டுவிடும் என்று பாதுகாப்புக் குழு கண்டுபிடித்து வைத்திருந்தது.

"கம்பி வெச்சுக் கட்டலாம் மெர்வ்," என்றார் டாக்டர். "ஆனா இங்க அதுக்குக் கருவி இல்ல. பெரிய ஊருக்கு ரெண்டு மணி நேரம். இந்த வெயில்ல தாங்க மாட்டா."

"கருவி வாங்கித் தர்றேன்னு போன வருஷம் சொன்னாங்களே?"

"அந்தக் காசுக்குத் திரை வாங்கிட்டாங்க."

திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சக்கரம் வைத்த பச்சைத் திரை, ஆள் உயரம். பிழைக்காத நாயை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைக்கும்போது பார்வையாளர்கள் கண்ணில் படாமல் மறைக்க. முன்பக்கம் முழுக்க ஒரு நாய் சிரிப்பது போலப் படம். கீழே 'அவர்கள் நலனே எங்கள் மூச்சு'. அதை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு சக்கரம் கிறீச் கிறீச் என்றது. ஒலிபெருக்கியில், "ஒரு சிறு தாமதம்," என்றார்கள். அவ்வளவுதான் வின்னி.

அடுத்த வாரம் மெர்வ் தலைமை நடுவர் பென்ரோஸைப் பார்க்க வந்தார். கிரகாம் பென்ரோஸ் நல்ல மனிதர்தான், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவருக்கு டீ கொண்டுபோவது என் வேலை. அதனால் அந்த அறையில் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும்.

"அந்த வளைவுல பள்ளம் இருக்குங்க," என்றார் மெர்வ். "வின்னி அங்கதான் விழுந்தா."

பென்ரோஸ் காயப் பதிவேட்டைத் திறந்தார். விரலால் வரியைத் தடவினார். "வின்னி... இதோ. காயம் பட்ட இடம், அடைப்பு."

"இல்லீங்க. வளைவுல பட்டுச்சு. அடைப்புல போய்ப் படுத்தா."

"காயம் பட்ட இடம்னா டாக்டர் முதல்ல பார்த்த இடம். விதி பதினாலு. டாக்டர் எங்க பார்த்தாங்க?"

"அடைப்புல."

"அப்புறம் என்ன?"

மெர்வ் என்னைப் பார்த்தார். நான் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"டாக்டர் வளைவுக்கே வரக் கூடாதுன்னு விதி வெச்சிருக்கீங்க," என்றார் மெர்வ் மெதுவாக. "அப்ப வளைவுல எப்படிங்க காயம் பதிவாகும்?"

"பதிவாகவே இல்ல. அதத்தான் நானும் சொல்றேன்." பென்ரோஸுக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. "நாலு வருஷமா ஒண்ணுகூட இல்ல. இந்த நாட்டுலயே இப்படி ஒரு வளைவு கிடையாது. ஆனா அடைப்பு ரொம்ப மோசம். உங்க கவலை எங்களுக்குப் புரியுது. நடவடிக்கை எடுக்கிறோம்."

எடுத்தார்கள். பத்து நாளில் அடைப்புக்கு ரப்பர் விரிப்புப் போட்டார்கள். சுவருக்கு மெத்தை தைத்தார்கள். வாசலில், 'எச்சரிக்கை, அபாயகரமான பகுதி' என்று பலகை வைத்தார்கள். வளைவில் கால் ஒடிந்து வந்த நாய்கள் அதற்குப் பிறகு மெத்தைச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றன.

மெர்வ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு நாள் காலையில் ரசமட்டமும் நூலும் நாலு முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனார். வேலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கிளிகள் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தன. மூன்று மணி நேரம் அளந்தார். பிறகு என் கடைக்கு வந்து காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"இங்க பாரு நோரீன். வளைவு உள்பக்கமா சரியணும். இது நடுவுல வெளிப்பக்கமா சரியுது. நாலு வருஷத்துக்கு முன்னால தண்ணிக் குழாய் போட்டாங்கல்ல, தோண்டி மூடினவன் மண்ணை இடிச்சு இறுக்காமப் போயிட்டான். மேல மணல் தூவி மறைச்சிருக்கான். அறுபது கிலோமீட்டர் வேகத்துல வர்ற நாய் அங்க கால் வெச்சா என்ன ஆகும்?"

"இத என்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் பை விக்கிறவ."

"நீயாவது கேக்குறியேன்னுதான்."

"சரி கிழவா, சாஸ் போடட்டுமா?"

பாதுகாப்புக் குழு கூடிய அன்றைக்கு மெர்வையும் கூப்பிட்டார்கள். நான் லாமிங்டன் கேக் தட்டோடு உள்ளே போனபோது மெர்வ் படத்தை மேஜையில் விரித்து வைத்து நின்றுகொண்டிருந்தார். நடுவில் தலைவர் நெவில் ஸ்ட்ரட். மாநிலத் தலைநகரில் இருந்து மாதம் ஒருமுறை வருவார். மோதிர விரலில் ஓடும் நாய் பொறித்த தங்க மோதிரம்.

"உங்க தகுதி என்னங்க?" என்று கேட்டார் ஸ்ட்ரட்.

"முப்பத்தொரு வருஷம் கிரேடர் ஓட்டினேன்."

"நாய்க்கா?"

"ரோட்டுக்கு."

"இது ரோடு இல்லையே." குழு முழுவதும் சிரித்தது. ஸ்ட்ரட் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக இருந்தார். "பாருங்க டனிங், நாங்க உணர்ச்சியில பேசறதில்ல. புள்ளிவிவரத்துல பேசறோம். நாலு வருஷத்துக்கு முன்னால நூறு ஓட்டத்துக்கு மூணு காயம். இப்ப நூத்துக்கு அரை. எப்படிச் சாதிச்சோம்? அப்பல்லாம் நாய் ஓடுறத மட்டும்தான் நிகழ்வுன்னு எண்ணிட்டிருந்தோம். அது நியாயமா? நாய் எடைமேடையில ஏறுது, ஒண்ணும் ஆகல. தண்ணி குடிக்குது, ஒண்ணும் ஆகல. ஓட்டம் தொடங்குற பெட்டிக்குள்ள போகுது, அப்பவும் ஒண்ணும் ஆகல. இந்தப் பாதுகாப்பான நிகழ்வுகளை எல்லாம் யாரும் கணக்குலயே சேர்க்கல. நாங்க சேர்த்தோம். விகிதம் தானா இறங்கிடுச்சு."

"நாய் எத்தனை விழுந்துச்சு?"

"அது மாறல," என்றார் ஸ்ட்ரட். "கொஞ்சம் கூடியிருக்கு. அதனாலதான் விகிதம் இறங்கினது பெரிய சாதனைங்கிறேன்."

குறிப்பில் எழுதினார்கள்: 'பொதுமக்களில் ஒருவர் வளைவைப் பாராட்டிப் படம் வரைந்து வந்திருந்தார்.' லாமிங்டன் முழுவதும் தீர்ந்தது.

அதோடு மெர்வ் ஒரு முடிவுக்கு வந்தார். வளைவை அவரால் திருத்த முடியாது. பெக்கியைத் திடலில் இருந்து எடுத்துவிடலாம். எழுத்தரிடம் ஓய்வுப் படிவம் வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரப்ப உட்கார்ந்தார். பாதியில் பேனா நின்றது.

"நோரீன், 'ஓய்வுக்கான காரணம்'னு மூணு கட்டம் இருக்கு. இறப்பு. காயம். துரத்த மறுத்தல்."

"நாலாவது?"

"இல்ல."

படிவத்தை எடுத்துக்கொண்டு பென்ரோஸிடம் போனார். நானும் டீயோடு போனேன். டீ கேட்கவில்லைதான்.

"என் நாய்க்குக் கால் உடையக் கூடாதுன்னு நெனைக்கிறேன். அதுக்கு எந்தக் கட்டம்?"

"உடைஞ்சதுக்கு அப்புறம் ரெண்டாவது கட்டம்," என்றார் பென்ரோஸ். "உடையறதுக்கு முன்னால கட்டம் இல்லங்க."

"மூணாவது? துரத்த மறுத்தல்னு போட்டுக்கிறேனே."

"அது நீங்களாப் போட முடியாது. குற்றம் நிரூபணம் ஆகணும். நாய் பந்தயத்துல முயலை அர்ப்பணிப்போட துரத்தலன்னு நாங்க விசாரிச்சுத் தீர்ப்புச் சொல்லணும். உங்க நாய் மேல ஒரு புகாரும் இல்ல. நல்ல நாய்." பென்ரோஸ் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார். "வர்ற செவ்வாய் மூணாவது பந்தயத்துல பேர் விழுந்திருக்கு. எட்டாம் நம்பர் பெட்டி. வாழ்த்துகள்."

"நான் கூட்டிட்டு வரலன்னா?"

"டாக்டர் சான்றிதழ் இல்லாம விலகினா உங்க உரிமம் ரத்து. உரிமம் இல்லாதவங்க பதிவு பண்ண பந்தய நாயை வீட்டுல வெச்சிருக்கக் கூடாது. பந்தய வாரியம் நாயைத் தன் காவலுக்கு எடுத்துக்கும். நாங்க அதை வேற பயிற்சியாளர்கிட்டக் குடுத்து ஓடவைப்போம். நாய் வீணாப் போகாது, கவலப்படாதீங்க."

அன்று மெர்வ் டீயைக் குடிக்கவில்லை. ஆறிப்போன டீயை நான்தான் எடுத்துவந்தேன்.

அடுத்து டாக்டர் ப்ரான்வின். அங்கேயும் நான் டீயோடு போனேன். அவர் பெக்கியின் நாலு காலையும் நீவிப் பார்த்தார். பெக்கி சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லயே மெர்வ். குதிரை மாதிரி இருக்கா. என்ன கோளாறு?"

"வளைவுதான் கோளாறு."

"வளைவுக்கு நான் சான்றிதழ் தர முடியாது." டாக்டர் கையுறையைக் கழற்றினார். குரல் இறங்கிவிட்டது. "தசைப்பிடிப்புன்னு எழுதலாம். எழுதினா பென்ரோஸ் அவளை முற்றத்துல ஓட்டிக் காட்டச் சொல்வார். போன மாசம் ஒருத்தருக்கு எழுதினேன். நாய் சந்தோஷமாத் துள்ளிக் குதிச்சிடுச்சு. அவர் உரிமம் போச்சு, நாய் மறு வாரமே ஓடுச்சு. அதுக்கப்புறம்..." அவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் திரை நிறுத்தியிருக்கும் மூலை தெரிந்தது.

பெக்கி தன் பெயரைக் கேட்டாலே வாலால் நாற்காலியைத் தட்டுகிறவள். அவளை நொண்டச் சொல்லி யார் கற்றுக்கொடுப்பது?

அந்தச் செவ்வாய் சாதாரணச் செவ்வாய் இல்லை. வாரியம் எங்கள் திடலுக்கு அந்த வருடத்தின் பாதுகாப்பு விருதைக் கொடுத்திருந்தது. முக்கியமாக முதல் வளைவுக்கு. ஸ்ட்ரட்டே பித்தளைத் தகட்டோடு வந்திருந்தார். கொடிகள் கட்டி, பள்ளிக்கூட வாத்தியக் குழுவைக் கூப்பிட்டு, எனக்கு இருநூறு பை சொல்லியிருந்தார்கள். திரைக்குப் புதிதாகத் துணி போட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு எண்ணெய் விட யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது பந்தயத்துக்கு முன் மெர்வ் பெக்கியை எடைமேடையில் ஏற்றினார். ஒரு பாதுகாப்பான நிகழ்வு. வாய்க்கூடு மாட்டி, எட்டாம் நம்பரின் இளஞ்சிவப்புச் சட்டையைக் கட்டினார். இரண்டாவது பாதுகாப்பான நிகழ்வு. என் கடை வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

"ஏ மெர்வ், ஏதாவது சாப்பிடு."

"வேண்டாம் நோரீன். ஓட்டம் முடியட்டும்."

குனிந்து பெக்கியின் காதில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவளைப் பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பொம்மை முயல் தண்டவாளத்தில் கிறுகிறுவென்று வந்தது. பெட்டிக் கதவுகள் எழும்பின. எட்டு நாய்கள் பாய்ந்தன. பெக்கி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள், வெளிப்பக்கமாக. நான் அடுப்புக் கதவைப் பிடித்தபடி ஜன்னலில் நின்றேன். வளைவு வந்தது. முன்னால் ஓடிய சிவப்புச் சட்டை அந்த மணலில் கால் வைத்தது. முட்டி உள்ளே போயிற்று. அதன் மேல் நீலம். நீலத்தின் மேல் வெள்ளை. கறுப்பு காற்றில் ஒருமுறை சுழன்று வேலியில் மோதியது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

பெக்கி வேகத்தைக் குறைத்தாள்.

இருபத்தாறு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. தலையைத் தூக்கினாள். கீழே கிடந்தவற்றைப் பார்த்தாள். வேலியோரமாகப் பெரிய வட்டம் போட்டு, ஊர்ச் சந்தையில் குட்டையைச் சுற்றிப் போகும் பெண்பிள்ளை மாதிரி, மணலைச் சுற்றிக்கொண்டு நடையும் ஓட்டமுமாகப் போனாள். மற்ற மூன்று நாய்களும் எப்போதோ முயலோடு போய்விட்டிருந்தன.

"ஒரு சிறு தாமதம்," என்றது ஒலிபெருக்கி.

விழுந்த நாலு நாய்களையும் வண்டியில் டாக்டர் அறைக்குக் கொண்டுபோனார்கள். திரை இரண்டு தடவை உருண்டது. வாத்தியக் குழுவை இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொல்லி ஸ்ட்ரட் கையசைத்தார்.

அரை மணி நேரத்தில் விசாரணை வைத்தார்கள். அந்தளவுக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேகமாக வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டது பெக்கி.

நான் டீத் தட்டோடு மூலையில் நின்றேன். பெக்கி விசாரணை மேஜைக்கு அடியில் படுத்திருந்தாள். ஒருவர் பந்தயப் படத்தை டிவியில் ஓட்டினார்.

"இங்க நிறுத்துங்க," என்றார் பென்ரோஸ். "சிவப்புச் சட்டையப் பாருங்க. கால் மடங்கிடுச்சு. ஆனா கண்ணு எங்க இருக்கு? முயல் மேல. இதத்தான் நாங்க அர்ப்பணிப்புன்னு சொல்றோம்."

"அது செத்துப்போச்சு," என்றார் மெர்வ்.

"அது தனி விஷயம். அதுக்கு வேற படிவம் இருக்கு. நீலத்தப் பாருங்க, கவிழ்ந்து கிடக்குது, முன்னங்கால் ரெண்டும் இன்னும் ஓடிட்டே இருக்கு. என்ன ஒழுக்கம் பாருங்க. இப்ப எட்டாம் நம்பர். தலையத் தூக்குது. சக நாய்களைப் பார்க்குது. பார்க்கவே கூடாது. பந்தய நாய்க்கு முயலத் தவிர உலகத்துல ஒண்ணுமே கண்ணுல படக் கூடாது. அப்புறம் சுத்திப் போகுது." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "டனிங், இது பந்தயத்து மேல இருக்கிற நம்பிக்கையக் கெடுக்குது. காசு கட்டினவங்க இருக்காங்க."

ஸ்ட்ரட் முன்னால் சாய்ந்தார். "நான் சின்ன வயசுலேர்ந்து நாய்ங்கன்னா உயிரை விடுறவன். என்கிட்ட நாப்பது நாய் இருந்திருக்கு. இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா அந்த நாப்பதுல ஒண்ணுகூட வளைவுல வேகத்தக் குறைச்சதில்ல."

பெக்கி மேஜைக்கடியில் கொட்டாவி விட்டாள்.

"வேகத்தக் குறைக்கணும்னு நீங்க பழக்கிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார் பென்ரோஸ். "அப்படின்னா அது பெரிய குற்றம்."

மெர்வ் யோசித்தார். "நான் முப்பத்தொரு வருஷம் கிரேடர் ஓட்டினவன். மோசமான வளைவுல மெதுவாப் போகணும்னு வீட்டுல பேசியிருப்பேன். அவ கேட்டிருக்கலாம்."

அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பு: முயலை உரிய அர்ப்பணிப்போடு துரத்தத் தவறிய குற்றம் நிரூபணம். இருபத்தெட்டு நாள் தடை. பிறகு நடுவர் முன்னிலையில் அதே வளைவைத் தனியாக முழு வேகத்தில் ஓடிக் காட்டி நன்னடத்தைச் சான்று பெற வேண்டும்.

"மேல்முறையீடு செய்யலாம்," என்றார் பென்ரோஸ். "பல பேர் செய்வாங்க. நாயோட பேர்ல இப்படி ஒரு களங்கம் விழுந்தா..."

"வேண்டாங்க. குற்றத்த ஒத்துக்கிறோம். ரெண்டு பேருமே." மெர்வ் சட்டைப் பையில் கை விட்டார். நாலாக மடித்து, வியர்வையில் ஊறி ஓரம் கிழிந்த காகிதம். ஓய்வுப் படிவம். மேஜையில் வைத்து நீவினார். மூன்றாவது கட்டத்தில் பேனாவை அழுத்திக் கோடு போட்டார். "தீர்ப்பு இருக்குல்ல இப்ப? முத்திரை குத்துங்க."

பென்ரோஸ் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார். எல்லாம் விதிப்படி இருந்தது. விதிப்படி இருக்கும் ஒன்றை மறுக்க அவருக்குத் தெரியாது. குத்தினார்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார்.

"ரொம்ப," என்றார் மெர்வ். படிவத்தை வாங்கி மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பாதுகாப்புக் குழு அன்றைக்கே கூடி, நாலு காயமும் டாக்டர் அறையில் ஏற்பட்டதாகக் குறித்துக்கொண்டது. அடைப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிவதாக ஸ்ட்ரட் சொன்னார். டாக்டர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் காயம் இருக்கிறது. நாலு வருடமாக டாக்டர் போகாத வளைவில் ஒன்றுமே இல்லை. எனவே டாக்டர் வருகையை வாரத்துக்கு ஒன்று என்பதில் இருந்து மாதத்துக்கு ஒன்று என்று குறைப்பது. ஒருமனதாக நிறைவேறியது. டாக்டர் ப்ரான்வின் அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் விருது. ஸ்ட்ரட்டுக்கு ஒரு யோசனை வந்தது. பித்தளைத் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் வளைவிலேயே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்தார். படக்காரர், "கொஞ்சம் பின்னால போங்க," என்றார். ஸ்ட்ரட் ஒரு அடி பின்னால் வைத்தார்.

அவருக்கு அறுபது கிலோமீட்டர் வேகம் எல்லாம் இல்லை. நின்ற நிலையில்தான் அந்தப் பள்ளத்தில் விழுந்தார். வலது கணுக்கால். அவர் போட்ட கூச்சலில் வேலியில் இருந்த கிளிகள் அத்தனையும் எழுந்து பறந்தன. நாய்கள் அப்படிக் கத்துவதில்லை.

நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெயிலில் வைக்க முடியாது. அடைப்பு அபாயகரமான பகுதி, டாக்டர் அறை அதைவிட மோசம். அதனால் நிழலுக்கு என் கடைக்குத் தூக்கிவந்து, மாவு மூட்டை மேல் உட்கார வைத்தார்கள். ஆம்புலன்ஸ்காரப் பெண் வந்து அங்கேதான் முதலில் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பச்சைத் திரைய எடுத்துட்டு வரட்டுமா?" என்று மெர்வ் வாசலில் இருந்து கேட்டார். உதவி செய்யும் குரலில்தான் கேட்டார். ஸ்ட்ரட்டின் முகம் வெளுத்துவிட்டது.

"சும்மா இரு கிழவா," என்றேன். ஆனால் எனக்கும் கேட்கத் தோன்றியிருந்தது.

பென்ரோஸ் பதிவேட்டோடு வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். "காயம் பட்ட இடம்..." சுற்றிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், சாஸ் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிற்றுண்டிக் கடை."

ஸ்ட்ரட் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். விதி பதினாலு அவரே கையெழுத்துப் போட்ட விதி. வாயை மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் என் கடையை மூடி வைத்தார்கள். தலைநகரில் இருந்து இரண்டு நிபுணர்கள் வந்து அடுப்படியை அளந்தார்கள். நல்ல ரசமட்டம் வைத்திருந்தார்கள், மெர்வுடையதைவிட உசத்தி. பிறகு தரை முழுக்கக் கெட்டியான ரப்பர் விரிப்புப் போட்டு, வாசலில், 'எச்சரிக்கை, அபாயகரமான பகுதி' என்று பலகை வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது பை வாங்க வருகிறவர்கள் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வருகிறார்கள். வளைவுப் பக்கம் யாரும் போகவில்லை. குழாய் மேல் மணல் அப்படியே இருக்கிறது.

மெர்வ் இப்போதும் செவ்வாய்க்கிழமை வருகிறார். பந்தயம் பார்ப்பதில்லை. பெக்கியோடு வந்து ஒரு பை வாங்குவார், ஓரத்தைப் பிய்த்து அவளுக்குப் போடுவார். குற்றவாளி நாய் பார்வையாளர் பகுதிக்கு வரக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அபாயகரமான பகுதியைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் என் அடுப்படியில் இருக்கலாம். அந்த ரப்பர் விரிப்பு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாலு காலையும் நீட்டிப் படுத்துக்கொள்வாள். நாலையும்.

நேற்று அப்படிப் படுத்திருந்தபோதுதான் வெளியே ஏணி வைத்து ஒருவன் பலகையில் ஏறினான். 'நான்கு' தகட்டைக் கழற்றி 'ஐந்து' தகட்டை வைத்துத் திருகாணியை முறுக்கினான். அவன் முறுக்கிக்கொண்டிருக்கும்போதே நாலாவது பந்தயம் வளைவுக்கு வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அடுப்பைத் துடைத்தேன்.

"ஒரு சிறு தாமதம்," என்றது ஒலிபெருக்கி.

டாக்டர் வராத வாரம் அது. ஆனாலும் திரையின் சக்கரம் கிறீச்சிட்டது. பெக்கி எழுந்து உட்கார்ந்தாள், மெர்வ் அவள் காது இரண்டையும் தன் கைகளால் பொத்தினார். ஏணிக்காரன் ஒரு திருகாணியை மட்டும் கொஞ்சம் தளர்வாக விட்டுவிட்டு இறங்கினான். அடுத்த வருடம் கழற்றச் சுலபமாக இருக்கும்.